சார்ஜர் திறக்கட்டும்

மலைமேல் இருக்கும் எங்கள் தானா ராத்தா டவுனில், கடை வரிசைக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில், ஆளுயரத்துக்கு இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து நட்டார்கள். மின்சாரக் கார்களுக்கான ஃபாஸ்ட் சார்ஜர். நட்ட கையோடு கறுப்புப் பிளாஸ்டிக்கைச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, ‘விரைவில்’ என்று மலாய் மொழியில் ஒரு பலகையையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த விரைவில் மாதக்கணக்கில் நீண்டது. மழையிலும் காற்றிலும் பிளாஸ்டிக் கிழிந்து தொங்கியபோது யாரோ வந்து புதிதாக ஒன்றைச் சுற்றிவிட்டுப் போனார்கள். பிளாஸ்டிக் மாற்ற ஆள் இருக்கிறது, சுவிட்சைப் போட ஆள் இல்லை. வேலை முடிந்து டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு நடை போய், பார்த்து, நாலு வார்த்தை திட்டிவிட்டு வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தப் பெட்டிகளுக்காக என்னைவிட அதிகம் காத்திருந்தவள், கார் ஓட்டவே தெரியாத என் தங்கை.

நான் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். கொழுந்தை உருட்டும் இயந்திரங்களோடு முப்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன். மின்சாரக் கார் வாங்குகிற ஆளில்லை. ஷா ஆலாமில் வேலை பார்க்கும் மகன் புதுக் கார் எடுத்தபோது பழையதை என் தலையில் கட்டினான். அவனே ஒரு சனிக்கிழமை மலைக்கு ஓட்டிவந்து சாவியைக் கையில் கொடுத்து, “அப்பா, எண்ணெய் ஊத்த வேணாம், சத்தம் வராது, புகை வராது. நீங்க திட்டுறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல,” என்றான். பயல் என்னைக் குறைவாக எடை போட்டுவிட்டான்.

முதலில் கரண்டு. எங்கள் லைன் வீடுகளுக்கு வரும் கரண்டு, வீட்டுக்கு ஒரு சோற்றுப் பானை, ஒரு டிவி, நாலு விளக்கு என்று என்றைக்கோ கணக்குப் பார்த்து விட்டது. முதல் நாள் சாயங்காலம் நான் காரின் பிளக்கைச் சொருகியதும் வரிசையில் ஆறு வீடும் ஒரேயடியாக இருண்டன. பக்கத்து வீட்டு அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

“அண்ணே, எங்க வீட்டுச் சோறு பாதியில நிக்குது. உங்க காடிக்குப் பசிக்குதுன்னு எங்க வயித்துல அடிப்பீங்களா?”

விவகாரம் தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் போனது. அங்கே கணக்கு எழுதும் கிராணி நல்ல மனுஷன், அடியோடு தடை போடவில்லை. “எல்லா வீட்டுலயும் சோறு வெந்ததும் சொருகிக்கங்க லா. அதுக்கு முன்னால வேணாம்,” என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் லைனில் ஒரு புது முறை ஏற்பட்டது. சோறு வெந்த வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து “வெந்துருச்சு!” என்று குரல் கொடுப்பார். நான் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுவேன். ஐந்து குரலும் கேட்ட பிறகு என் வீட்டுக்காரி உள்ளே இருந்து கடைசிக் குரல் கொடுப்பாள். வேண்டுமென்றே தாமதித்துக் கொடுப்பாள். அதற்கப்புறம் சொருகினால் விடிவதற்குள் கால் பங்கோ, கொஞ்சம் கூடவோ ஏறியிருக்கும். தோட்டத்துக்கும் டவுனுக்கும் போய்வர அது போதும். லைன் பிள்ளைகள் அதற்கு ஊமைக் காடி என்று பெயர் வைத்தார்கள்.

மலையில் அப்போது மின்சாரக் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நாங்கள் ஐந்து பேரும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். திரிங்காப்பில் செவ்வந்திப் பூ பயிரிடும் சீன முதலாளி, எங்களுக்குத் தவுக்கே, அவர்தான் அதற்குத் தலைவர். எங்கள் தோட்டத்துக் கடைக்கு வந்து வந்து தமிழ் பேசப் பழகியவர். குழுவில் பேச்சு முழுக்க அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான். இன்றைக்கு ஒரு லோரி வந்து நின்றது என்று ஒருவர் போடுவார். அரை மணி கழித்து லோரி போய்விட்டது என்று இன்னொருவர் போடுவார். ஒரு நாள் மத்தியானம், பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டார்கள் என்று படத்தோடு செய்தி வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து காரும் அங்கே நின்றன. காற்று அடித்துக் கழன்றிருந்தது. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திரும்பக் கட்டிவிட்டு வந்தோம்.

இனி தங்கை. எனக்கு ஒரே தங்கை அவள், மலைக்குக் கீழே ஈப்போவில் இருக்கிறாள். கல்யாணம் ஆகும்வரை எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். செங்குத்தான மேட்டில் அவள் ஏறுகிற வேகத்துக்கு ஆண்பிள்ளைகளே மூச்சு வாங்குவார்கள். புருஷன் காலமாகிவிட்டார். மகளுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. தங்கைக்கு இனிப்புநீர் வியாதி முற்றி, போன வருடம் எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா முடிந்த சில நாட்களில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் போன் செய்தாள்.

“அண்ணே, அடுத்த திருவிழாவுக்கு நான் மேல வரணும். ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

“என்ன வேண்டிக்கிட்டே?”

“கால் போனாப் போகுது, உசுரு நின்னா உனக்குப் பால்குடம் எடுத்துட்டு வர்றேன்னு.”

“எப்படிம்மா எடுப்பே?”

“மடியில வச்சுக்கிறேன். நாற்காலிய நீ தள்ளு.”

பஸ்ஸில் அவளால் ஏற முடியாது. வேறு யாருடைய காரிலும் வர மாட்டாள், சின்ன வயதிலிருந்தே பெட்ரோல் வாசம் பட்டாலே வாந்தி எடுப்பாள். அதுவும் அந்த மலைச் சடக்கில், அத்தனை வளைவு உள்ள ரோட்டில். “உன் காடியில வாசமே இல்லையாமே? அண்ணி சொல்லிச்சு. உன் காடியிலதான் நான் வருவேன்,” என்றாள்.

அப்போதுதான் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“சார்ஜர் திறக்கட்டும், தங்கச்சி. டவுன்ல போட்டிருக்காங்க, இப்பத் திறந்துருவாங்க. வீட்டுக் கரண்ட நம்பி அவ்வளவு தூரம் இறங்கக் கூடாது. இறங்கவே பாதி சார்ஜ் போயிடும். மீதிய வச்சுக்கிட்டு உன்னைய ஏத்திட்டு மேல வரணும். நடு மலையில நின்னுட்டா என்ன பண்றது?”

“நீ சொன்னாச் சரிதான்ணே. நீதானே ஃபிட்டர்,” என்றாள்.

இந்தப் பேச்சு ஒரு தடவையோடு நிற்கவில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை கேட்பாள், நானும் அதையே சொல்வேன். ஈப்போவிலேயே சார்ஜர் இருக்கிறதே என்று ஒரு நாள் அவள் மகள் கேட்டாள். “அந்த வயரு நம்ம காடிக்குச் சேராதும்மா,” என்றேன். சுத்தப் பொய். நல்லாவே சேரும். தவுக்கே வாரம் தவறாமல் ஈப்போ போய் வருகிறவர். இறங்கும்போது கார் சார்ஜைத் தின்னாது, மலை இறக்கத்தில் ஏறக்கூடச் செய்யும் என்று அவர் குழுவில் போட்டிருந்தார். படித்தேன். படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தபோது நான் பொறுமை இழந்து, அந்தப் பெட்டிகளுக்குப் பொறுப்பு என்று யாரோ சொன்ன ஓர் அலுவலகத்துக்கு நேரே போய்விட்டேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகன் வயது இருக்கும். மீட்டர் வரவில்லை, வந்ததும் திறந்துவிடுவார்கள் என்றாள். “ஒரு சுவிட்சப் போட எத்தனை பேரு கையெழுத்து வேணும்?” என்று மலாயில் கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. புகார் எழுதும் ஃபாரம் ஒன்றைத் தள்ளி, பேனாவையும் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில், கால் இழந்த என் தங்கை கோயில் திருவிழாவுக்கு வர வேண்டும், இந்தச் சார்ஜர் திறக்காததால் வர முடியவில்லை என்று எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே அது உண்மை என்று தோன்றிவிட்டது. அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, “பாவம், அங்கிள்,” என்றாள்.

திருவிழா வந்தது. பெட்டிகள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருந்தன.

பால்குடங்கள் லைனைச் சுற்றிக் கோயிலுக்குப் போகிற நேரத்தில் தங்கையே போன் செய்தாள். படம் வருகிற போன். மஞ்சள் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஈப்போ வீட்டின் முன்னறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பித்தளைக் குடம். குடத்தின் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. நம்ம வீட்டுக் குடம்தான், கல்யாணத்தின்போது அம்மா கொடுத்தது.

“எதுக்குப் புள்ள குடத்தோட உக்காந்திருக்கே?”

“நீங்க அங்க தூக்கும்போது நானும் இங்க வச்சுக்கிறேன். நீ என்னையப் பாக்காதே, போனை அந்தப் பக்கம் திருப்பு. கைய ஆட்டாதேண்ணே, தலை சுத்துது.”

மேளம் முன்னால் போக, நான் போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி பின்னாலேயே நடந்தேன். கோயில் வாசல் வரைக்கும் பிடித்தேன். கை கடுத்துப்போய்விட்டது. சாமிக்குப் பால் ஊற்றுவதை முழுக்கப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்ததும், “உன் குடத்துப் பால என்ன பண்ணப் போற?” என்று கேட்டேன்.

“என்ன பண்றது? கோப்பி கலந்து குடிக்க வேண்டியதுதான்,” என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி அன்னதானத்துச் சோற்றைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

“தவுக்கே வாரா வாரம் போயிட்டு வர்றாரு. அவரு காடிக்கு மட்டும் மலை குட்டையா இருக்கா?”

நான் தட்டைப் பக்கத்தில் இழுத்துச் சோற்றைப் பிசைந்தேன்.

“மூணு தடவை வேன்ல போய் அவளப் பாத்துட்டு வந்தேன். மூணு தடவையும் உங்களுக்கு மெஷின் ரிப்பேரு. உங்க தங்கச்சி உங்க முகத்தப் பாத்து எத்தனை நாளாச்சு, கணக்கு இருக்கா?”

இப்போது எழுதுகிறேனே, இதை அன்றைக்கு வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எனக்குப் பயம். ஃபேக்டரியில் ஒருவனுடைய விரல் இயந்திரத்தில் சிக்கியபோது, அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவனோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். ரத்தம் கண்டால் மயங்குகிறவன் இல்லை. ஆனால் அவள் கால் வேறு. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அந்தக் கால் எப்போதும் எனக்கு முன்னால் மேட்டில் ஏறும். “வாண்ணே, மணி அடிச்சிருவாங்க,” என்று திரும்பி நின்று கத்துவாள். அங்கே வெறும் இடத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அறுவைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. சார்ஜர் எனக்கு நல்ல வசதியாக வந்து வாய்த்தது.

திருவிழா முடிந்து மூன்றாவது வாரம், நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள் என்று குழுவில் செய்தி வந்தது. இந்தத் தடவை பிளாஸ்டிக்கை ஆளே வந்து கழற்றினான். படத்தில் அவன் முகமும் இருந்தது.

நான் அன்று சாயங்காலமே ஒரு சிவப்பு வாளியை எடுத்துப்போய் முதல் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். லைனில் தண்ணீர் நின்று, தண்ணீர் லோரி வருகிற நாளில் நாங்கள் அப்படித்தான் இடம் பிடிப்போம். வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒருத்தரும் தொட மாட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தேன். என் வாளியைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் இடம் போட்டிருந்தார்கள் போல. தவுக்கேயின் பூக்கூடை, இன்னொருவரின் பூந்தொட்டி, ஒரு பழைய குடை. எல்லாம் வரிசை குலையாமல் சாக்கடை ஓரமாக இருந்தன. பெட்டிகளுக்கு முன்னால் கோலாலம்பூர்க்காரர்களின் பளபள கார்கள் இரண்டு நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தன. பள்ளி விடுமுறை நேரம், மலை முழுக்கக் கூட்டம்.

“இது யாரு வாளின்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

காருக்குள் இருந்த இளைஞன் இறங்கி வந்தான். வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குப்பை என்று நினைத்தோம் அங்கிள், உடைக்காமல் பத்திரமாகத்தான் ஓரம் வைத்தோம் என்று மலாயில் மரியாதையாகச் சொன்னான். தவுக்கே தன் பூக்கூடையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

என் முறை வந்தபோது மணி பதினொன்று. வயரைச் சொருகியதும் எண் மளமளவென்று ஏறியது. எண்பது வந்ததும் வேகம் சுணங்கியது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

“எங்க போற?” என்றார் தவுக்கே.

“ஈப்போ.”

“அப்போ எண்பது போதும் லா. மலை கொஞ்சம் குடுக்கும், அதுக்கு இடம் வை.”

“இத்தனை மாசம் காத்துக் கிடந்துருக்கேன். நூறப் பாக்காம நகர மாட்டேன்.”

“நீ ஃபிட்டரா, சின்னப் புள்ளையா?” என்றார்.

நூறு வந்தது. ஹார்ன் சத்தத்துக்கு நடுவில் அதைப் போனில் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினேன். நேரே வீட்டுக்குப் போய், ஈப்போ போகிறேன் என்றேன். வீட்டுக்காரி உடனே எழுந்தாள். உள்ளே போய்த் தன் கம்பளிச் சால்வையை எடுத்துவந்து பின் சீட்டில் வைத்தாள். “வரும்போது குளிரும், போத்தி விடுங்க,” என்றாள்.

கம்போங் ராஜா போய்ச் சேர்ந்தபோது தொண்ணூற்றுமூன்று இருந்தது. அங்கிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் சிம்பாங் பூலாய் வரைக்கும் இறக்கம்தான். இந்த மாதிரிக் காரில் மிதியிலிருந்து காலை எடுத்தாலே போதும், வண்டி தானாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கும். அந்த இழுப்பில் உண்டாகும் கரண்டு பேட்டரிக்குப் போகும். எண் ஏறியது. தொண்ணூற்றுநான்கு, ஐந்து, ஆறு. தொண்ணூற்றேழு வந்ததும் அந்தப் பிடி விட்டுப் போனது. பேட்டரியில் இடம் இல்லை, எங்கே போகும் கரண்டு? வளைவுக்கு வளைவு நான் பிரேக்கை மிதிக்க வேண்டியதாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம் வந்தது. ஓரம் கட்டி நிறுத்தி, இறங்கிக் குந்தி, முன் சக்கரத்தைப் பார்த்தேன். அனல் அடித்தது. ஃபிட்டர் செய்கிற காரியமா இது? கீழே இருந்து வருகிறவனுக்கு நூறு வேண்டும். மேலே இருந்து இறங்குகிறவன் நூறு போட்டால் அது மலைவாசி மடத்தனம்.

சக்கரம் ஆறும்வரைக்கும் அந்தச் சடக்கோரத்தில் நின்றேன். பாதி சார்ஜ் போய்விடும் என்று ஒரு வருடமாகச் சொன்னேன். போவதென்ன, ஏறுகிறது. கார் கண்ணாடி வழியாக அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். நல்லவேளை, நூறு போட்ட படத்தை அவளுக்கு அனுப்பித் தொலைத்திருந்தேன். மெதுவாகவே இறங்கினேன்.

அவள் வீடு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில். வாசலிலேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குடம் துருத்திக்கொண்டு தெரிய, பை ஒன்று கட்டித் தயாராக இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன், சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

“படம் வந்துச்சு. நீ வருவேன்னு தெரியும். இளைச்சுட்டியேண்ணே,” என்றாள்.

“கெளம்பு. இருட்டுறதுக்குள்ள ஏறணும்.”

“கோப்பி குடிச்சிட்டுப் போலாம்.”

“கோப்பி வேணாம்,” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

காரில் ஏற்ற அவளைத் தூக்கினேன். முழங்கால் மடிப்புக்குக் கீழே கை கொடுத்தபோது, ஒரு பக்கம் கால் கனத்தது, இன்னொரு பக்கம் புடவை மட்டும் என் கையில் சரிந்தது. அவ்வளவு லேசாக இருந்தாள். முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டேன். நான் வந்து உட்காருவதற்குள் அவள் திரையைப் படித்துவிட்டாள்.

“தொண்ணூத்தி ஒண்ணு,” என்றாள்.

“ம்.”

ஈப்போ டவுனைத் தாண்டினோம். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் மறுபடி திரையைப் பார்த்தாள்.

“மேல நூறு போட்டே. இறங்கி வர ஒம்பதுதான் ஆயிருக்கு.”

நான் சடக்கைப் பார்த்தே ஓட்டினேன்.

“பாதி போயிடும்னு சொன்னியேண்ணே.”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவள் கோபமாகக் கேட்கவில்லை. இரண்டு வளைவு தாண்டினேன்.

“பொய் சொன்னேன் புள்ள. உன் காலப் பாக்கப் பயமா இருந்துச்சு.”

அவள் சால்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“எனக்கும்தாண்ணே பயம். ஆனா நான் தெனம் காலையில பாக்கணும்ல?”

வழி முழுக்க அவள் வாந்தி எடுக்கவில்லை. கம்போங் ராஜா வந்ததும் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். காய்கறித் தோட்டங்களுக்குப் போட்டிருந்த கோழி எருவின் நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, “அடேயப்பா, நம்ம ஊரு மாறவே இல்ல!” என்று சிரித்தாள். ஏற்றத்தில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் அதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். தானா ராத்தாவுக்குள் நுழைந்தபோது நாற்பத்தெட்டு.

வெளிச்சம் இன்னும் இருந்தது. கடை வரிசைக்குப் பின்னால் அந்த இரண்டு பெட்டிகளும் பிளாஸ்டிக் இல்லாமல், நீல விளக்கு எரிய நின்றன. வரிசையில் யாரும் இல்லை.

“நிறுத்துண்ணே. அதுதானா?”

“அதுதான்.”

கண்ணாடியை முழுக்க இறக்கி, கழுத்தை நீட்டி, மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள்.

“இதுக்கா நான் சாமி பாலக் கோப்பியில ஊத்தினேன்?”

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்தேன், மறுபடியும் வந்தது. “சரி சரி, ஓட்டு, அண்ணி காத்துக்கிட்டு இருக்கும்,” என்றாள். நான் சார்ஜ் போடவில்லை. வீட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

மறுநாள் சாதாரண வேலை நாள். நான் மட்டும் லீவு சொல்லியிருந்தேன். லைனில் பாதிப் பேர் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள். மேளம் இல்லை, கூட்டம் இல்லை. பூசாரி மட்டும் வந்து கோயில் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனார். தங்கை அதே மஞ்சள் புடவை கட்டி, அதே பித்தளைக் குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் நாற்காலியைத் தள்ளினேன். என் வீட்டுக்காரி வேப்பிலையோடு பின்னால் வந்தாள். பக்கத்து வீட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார். லைனைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றாள் தங்கை. சுற்றினோம். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

கோயிலுக்கு ஐந்து படி. நாற்காலி ஏறாது. குடத்தை என் வீட்டுக்காரி வாங்கிக்கொண்டாள். நான் என் செருப்பைக் கழற்றிவிட்டு, தங்கையின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வேறெங்கும் பார்க்கவில்லை. அவள் வலது காலில் இருந்த செருப்பைக் கழற்றினேன். என்னுடையது இரண்டு, அவளுடையது ஒன்று. மூன்றையும் படியோரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.